தேரடியில் ட்ராம் விட்டால் கம்பியை எங்கே கட்டுவது?

கேள்வி, பிப்ரவரி 8

அண்ணே, சென்னை திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி மணலி போக ஷேர் ஆட்டோவுக்கு நின்று நின்று கால் மரத்துப்போகிறது. அங்கே ஒரு லைட் ரயில், ட்ராம் மாதிரி, விட்டால் என்ன? ஆனால் மேலே கம்பி மட்டும் வேண்டாம். ஈபி, கேபிள் டிவி, இன்டர்நெட் என்று ஏற்கனவே வானமே தெரியவில்லை. தரைக்குள் புதைத்துவிடலாமே? கம்பி போடுவதே ஆனாலும் அதில் என்ன பெரிய வேலை? தாமிரம் வாங்கி இழுத்துக் கட்டுவதுதானே?

பிப்ரவரி 8, இரவு 10.20

முடியாது.

பிப்ரவரி 8, இரவு 10.50

ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமென்று பார்த்தேன். மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, சொல்கிறேன்.

தரைக்குள் புதைப்பது புது யோசனை இல்லை தம்பி. இந்தியாவில் முதல் மின்சார ட்ராம் ஓடியதே நம் ஊரில்தான், 1895 மே 7 அன்று. அதற்குத் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவு, அதற்குக் கீழே வாய்க்கால் மாதிரி ஒரு குழி, குழிக்குள் மின்கடத்தி. வண்டியின் வயிற்றிலிருந்து ஏர்க்கொழு மாதிரி ஒன்று பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். லண்டனில் இந்த முறை 1952 வரையும் வாஷிங்டனில் 1962 வரையும் ஓடியது. ஐப்பசி, கார்த்திகை என்று நமக்கு இரண்டு மாதம் இருக்கிறதே, அது அவர்களுக்கு இல்லை. இங்கே குழிக்குள் மழைத்தண்ணீர் புகுந்து பாடாய்ப் படுத்தியது. கம்பி மேலே ஏறியது. 1953 ஏப்ரல் 12-ல் ட்ராம் நின்றுபோகிற வரைக்கும் மேலேயே இருந்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் எங்கள் தெருவில் ஸ்கூட்டர் சைலன்சர் முழுகும். அங்கே குழி வெட்டிக் கரண்டு வைக்கச் சொல்கிறவர் முதலில் தன் வீட்டு வாசலில் வெட்டட்டும்.

பிப்ரவரி 9, காலை 6.15

போர்தோ நகரத்தைக் காட்டி ஒருவர் மடக்கியிருக்கிறார். உண்மைதான். பிரான்சில் 2003-லிருந்து அங்கே ஊர் நடுவில் ட்ராம் தரையிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிறது. நடுத் தண்டவாளம் துண்டு துண்டாக இருக்கும். ட்ராம் எந்தத் துண்டின் மேல் இருக்கிறதோ அதற்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் செத்த துண்டு. அதனால் நாய் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சுமார் இருபது மீட்டருக்கு ஒருமுறை தரைக்கடியில் ஒரு சுவிட்ச் பெட்டி. ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளுக்குள் தண்ணீர் போய் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதுவும் பிரான்ஸ் மழைக்கு.

என் பதில் அப்படியே நிற்கிறது: முடியாது.

பிப்ரவரி 9, இரவு 9.30

நான் யார், எனக்கென்ன தெரியும் என்று கேட்டவருக்கு: ரயில்வேயில் ஓ.எச்.இ. பிரிவில், அதாவது தலைக்கு மேலே போகும் மின்கம்பி வேலையில், 31 வருடம். ஏணி தூக்கும் கலாசியாகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தேன். அப்புறம் நான்கு வருடம் தனியார் கான்ட்ராக்டில். இப்போது முட்டி வலியும் இந்த இழையும்தான்.

முதலில் எத்தனை வோல்ட் என்று முடிவு செய்ய வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். நம் மின்சார ரயிலும் மெட்ரோவும் 25 கிலோவோல்ட் ஏ.சி. உலகத்தில் தெருவோடு ஓடுகிற லைட் ரயில் பெரும்பாலும் 600 அல்லது 750 வோல்ட் டி.சி. மத்திய அரசு 2019-ல் மெட்ரோலைட் என்ற சின்ன மெட்ரோவுக்கு வெளியிட்ட தரக்குறிப்பிலும் 750 வோல்ட்தான், மேலே கம்பிதான்.

அதிகம் வோல்ட் வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்கு அப்படித்தான் சொல்லும். ஒரு வண்டி புறப்படும்போது ஆயிரம் கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோவோல்ட்டில் அது 40 ஆம்பியர். 750 வோல்ட்டில் 1,333 ஆம்பியர். கம்பி தடிக்க வேண்டும், கூடவே மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் கேபிள் ஓட வேண்டும், ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சப்ஸ்டேஷன் வேண்டும். பிறகு ஏன் தெருவில் 750? இடைவெளிக்காக. 25 கிலோவோல்ட் கம்பிக்கும் பூமியோடு தொடர்புள்ள எதற்கும் நடுவே நாங்கள் விடும் காற்று இடைவெளி 320 மில்லிமீட்டர். ஐரோப்பியத் தரப்படி 750 வோல்ட்டுக்கு 100 போதும், அரைச் சாண். பால்கனியும் வேப்பமரக் கிளையும் கடை போர்டும் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊரில் அந்த வித்தியாசம்தான் வாழ்வும் சாவும்.

இதெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்த ஊர் இது. பீச்–தாம்பரம் பாதை 1931-ல் 1,500 வோல்ட் டி.சி.யில் தொடங்கியது. 1960களில் 25 கிலோவோல்ட்டுக்கு மாற்றினார்கள். நான் சேர்ந்தபோது அந்த மாற்றத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் டிப்போவில் இருந்தார். பழைய டி.சி. இன்சுலேட்டர் ஒன்றை மேஜையில் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருப்பார்.

பிப்ரவரி 11, மதியம் 2.05

"தாமிரம் வாங்கி இழுத்துக் கட்டுவதுதானே" என்பதற்கு வருகிறேன்.

ரயில் தொட்டு மின்சாரம் எடுக்க நாங்கள் போடுகிற கான்டாக்ட் வயர் 107 சதுர மில்லிமீட்டர். புதிதாக வரும்போது விட்டம் 12.24 மி.மீ., சுண்டுவிரல் தடிமன். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு, சுமார் 950 கிலோ. அவ்வளவுதான் தாமிரம். அதற்கு மேலே அதைத் தாங்கும் கேட்டனரிக் கம்பி, இரண்டையும் சேர்க்கும் டிராப்பர், ஃபீடர் எல்லாம் சேர்த்தாலும் மொத்தச் செலவில் பயமுறுத்துவது உலோகம் இல்லை. கம்பம், அஸ்திவாரம், இன்சுலேட்டர், பிடிமானச் சாமான்கள், ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்கும் இரண்டரை மணி நேரத்தில் வேலை பார்க்கும் ஆள்கூலி. பணம் போகிற வழி அது.

வாங்கும்போது ஒரு விஷயம். கம்பியை டன் கணக்கில் கேட்கக் கூடாது, டிரம் நீளத்தில் கேட்க வேண்டும். கம்பியை இழுத்துக் கட்டும் ஒரு ஆங்கரிலிருந்து அடுத்த ஆங்கர் வரை எங்கள் பாதையில் அதிகபட்சம் ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஒட்டு வரக் கூடாது. ஒட்டு வந்தால், ரயில் கூரையிலிருந்து கம்பியை உரசுகிற பேண்டோ அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தட்டும், தட்டுகிற இடம் தேயும், ஒரு நாள் அறும். ஓரிடத்தில் ஸ்டோர்ஸ்காரர்கள் விலை சல்லிசு என்று ஆயிரம் மீட்டர் டிரம்மாக இறக்கிவிட்டார்கள். மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் ஒட்டுச் சாமானுக்குப் போனது.

வெயிலில் தாமிரம் நீளும். மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் கம்பியின் சூட்டில் நாற்பது டிகிரி வித்தியாசம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் கம்பி ஒரு மீட்டர் நீண்டுவிடும். அதைத் தாங்கத்தான் கோடியில் கப்பி போட்டு எடை தொங்கவிடுகிறோம். அந்த எடை மூன்று மீட்டர் ஏறி இறங்கும்.

பிப்ரவரி 11, மாலை 7.40

மேலே கடைசி வரி தப்பு. மூன்று மீட்டர் இல்லை, ஒன்றரை. கம்பியின் நடுவில் ஒரு பிடி போட்டு அசையாமல் கட்டிவிடுவோம். அதனால் ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர்தான் நீளும். கப்பி மூன்றுக்கு ஒன்று, ஆகவே எடை ஒன்றரை மீட்டர் நகரும். முப்பத்தொரு வருடம் பார்த்ததை மனக்கணக்கில் கோட்டை விட்டேன். சுட்டிக் காட்டிய பாலிடெக்னிக் பையனுக்கு நன்றி, வேலைக்குப் போவாய்.

அந்த எடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கொருக்குப்பேட்டை, விம்கோ நகர் பக்கம் பிளாட்பாரக் கோடியில் நின்று பாருங்கள். கம்பத்தை ஒட்டி வட்ட வட்டமாகத் தட்டுகள் அடுக்கித் தொங்கும், தோசைக்கல்லை அடுக்கின மாதிரி. மொத்தம் 665 கிலோ. கான்டாக்டுக்கு ஆயிரம் கிலோ, கேட்டனரிக்கு ஆயிரம் கிலோ இழுவிசை, அதில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணிக்கை குறைந்திருந்தால் யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கம்பத்தைப் பூமியோடு இணைக்கும் எர்த் பாண்டுக்குத் தாமிரம் போடாமல் இரும்புப் பட்டை போடுவதற்கும் இதே காரணம்தான். டிசைன் புத்தகத்தில் இதை எழுத மாட்டார்கள்.

பிப்ரவரி 12, காலை 8.00

கம்பி ஏன் நேராக இல்லாமல் இடமும் வலமும் வளைந்து போகிறது, கட்டினவன் தண்ணி போட்டிருந்தானா என்று கேட்டவருக்கு: இல்லை ஐயா. நேராகக் கட்டினால் பேண்டோவின் கார்பன் பட்டையில் ஒரே இடத்தில் ரம்பம் அறுத்த மாதிரி பள்ளம் விழும். அதனால் நேர்ப்பாதையில் ஒரு கம்பத்தில் 200 மி.மீ. இடது, அடுத்ததில் 200 வலது. கட்டினவன் சில நாள் தண்ணி போட்டிருந்ததும் உண்டு. அது வேறு கதை.

பிப்ரவரி 14, இரவு 11.10

இன்று தூக்கம் வரவில்லை, இதை எழுதிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆனபின் ஒரு உயர்த்திய பாதை வேலைக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பாலம் கட்டுவது ஒரு கான்ட்ராக்ட், கம்பி போடுவது இன்னொரு கான்ட்ராக்ட். பாலக் கான்ட்ராக்ட் ஒன்றரை வருடம் முன்பே கொடுத்தாகிவிட்டது. அவர்கள் கான்கிரீட் போடும்போதே கம்பத்துக்கான போல்ட்டைப் பதித்துவிட வேண்டும், பின்னால் துளை போட்டால் உள்ளே இருக்கும் கம்பிக்கட்டு அறும். ஆனால் அந்தச் சமயத்தில் கம்பம் என்ன கம்பம், எத்தனை மீட்டருக்கு ஒன்று, அடித்தட்டு எவ்வளவு அகலம் என்று சொல்ல ஆளே இல்லை. கம்பி டெண்டரே வரவில்லையே! யாரோ ஒரு ஆலோசகர் "தோராயமாக" ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார். அதை வைத்து வரிசையாகப் பதித்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம் கம்பம் இறங்கியது. கிரேன் தூக்கி நிறுத்துகிறது, நான் கீழே குனிந்து பார்க்கிறேன். போல்ட் நான்கும் 300 மி.மீ. சதுரத்தில் நிற்கிறது. தட்டில் துளை 320. ஒரு கட்டைவிரல் அகல வித்தியாசம். கிரேன்காரர் மேலேயிருந்து "இறக்கட்டா சார்?" என்கிறார். எனக்கு வாயே வரவில்லை. கம்பம் அப்படியே காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது.

அப்புறம் இடைத்தட்டு செய்தார்கள். அதற்கு வரைபடம், அந்த வரைபடத்துக்கு ஒப்புதல், ஒப்புதலுக்குப் பின் துத்தநாகம் பூசுதல், அதற்குள் மழை. ஏழு மாதம் போனது. காசு யார் தருவது என்ற பஞ்சாயத்து நான் கிளம்பிய பிறகும் நடந்துகொண்டிருந்தது. பாலக்காரர் கையில் அவருக்குக் கொடுத்த வரைபடம், கம்பிக்காரர் கையில் அவருக்குக் கொடுத்த வரைபடம். இரண்டு பேரும் சரி.

தம்பி, உன் மணலி ட்ராமுக்கு என்றாவது யாராவது கையெழுத்துப் போட்டால், தெருவில் முதல் குழி வெட்டுவதற்கு முன்னால் கம்பியின் அடிப்படை டிசைன் முடிந்திருக்க வேண்டும். கம்பம் யாருடையது, போல்ட் யாருடையது, இடைவெளி யாருடையது என்று ஒரே தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காகத்தான் இந்த இழையை நான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15, காலை 7.20

நேற்று ராத்திரி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே கான்ட்ராக்டாகக் கொடுத்துவிடலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாம். போல்ட் பொருந்தும். ஆனால் பாலக்காரர் கம்பி வேலையை உள்குத்தகைக்கு விடுவார், அவர் இன்னொருவருக்கு விடுவார். பத்து வருடம் கழித்து ஒரு கிளாம்ப் வேண்டுமென்றால் வரைபடம் யாரிடமும் இருக்காது. எப்படிக் கொடுத்தாலும் வரைபடமும் வார்ப்பு அச்சும் வாங்குகிறவனுக்குச் சொந்தம் என்று ஒரு வரி வேண்டும்.

பிப்ரவரி 16, இரவு 9.00

உப்பு.

நம் பக்கத்தில் கம்பி வேலைக்கு எதிரி இதுதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று நேராக அடிக்கிறது. அதோடு மணலிப் புகை, அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்துச் சாம்பல். இன்சுலேட்டர் மேல் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மாவு மாதிரி ஒட்டும். காய்ந்திருக்கும் வரை ஒன்றும் செய்யாது. தை மாத விடியற்காலையில் பனி இறங்கும், மாவு ஈரமாகும், சரசரவென்று ஒரு சத்தம் வரும், இருட்டில் நீலமாகப் பூச்சி ஊர்வது மாதிரி தெரியும். அப்புறம் டமார். விடியற்காலை நாலரை மணி போன் என்றாலே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அதனால் இன்சுலேட்டர் வாங்கும்போது எத்தனை வோல்ட் தாங்கும் என்று மட்டும் பார்க்கக் கூடாது. மேற்பரப்பில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எறும்பு நடந்தால் எவ்வளவு தூரம் நடக்கும், அந்தத் தூரத்தைப் பார்க்க வேண்டும். மாசு கூடக் கூட இந்தத் தூரமும் கூட வேண்டும் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. எண்ணூருக்கு மிகக் கடும் மாசுக்கான அளவைக் கேளுங்கள். சிலிக்கோன் ரப்பர் பூச்சு உள்ளது என்றால் தண்ணீர் தாமரை இலையில் மாதிரி உருண்டு ஓடும், பீங்கானைவிட நம் பக்கத்துக்கு நல்லது. எலி கடிக்குமே என்று பயந்தோம், கடிக்கவில்லை. அணில் கடித்தது.

750 வோல்ட் ட்ராமுக்கு இந்த இன்சுலேட்டர் கவலை குறைவு. ஆனால் துரு குறையாது. ஒரு யார்டில் சின்ன நட்டு போல்ட்டெல்லாம் துருப்பிடிக்காத எஃகில் போட முடிவானது. டெண்டரில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று எழுதிவிட்டு கிரேடு எழுதவில்லை. பாத்திரக்கடை ஸ்டீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே? மிகக் குறைந்த விலைக்காரர் அதைத்தான் கொடுத்தார். பளபளவென்று வந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் டீக்கறை மாதிரி பழுப்பு, அடுத்த மழைக்குள் மரையே இல்லை. அதில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காசிமேட்டில் தெரிந்த போட்டுக்காரரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "316-ஆ, 304-ஆ?" 316-ல் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு அதுதான் நிற்கும். மீன் பிடிக்கிறவருக்குத் தெரிந்தது, டெண்டர் எழுதினவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களில் நானும் ஒருவன். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருந்தது, இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

பிப்ரவரி 17, மாலை 6.30

காக்காய். மறந்தே போனேன். காக்காய்க்குச் சுள்ளி போதாது, கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கும் பைண்டிங் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பத்திலிருந்து நீண்டு கம்பியைத் தாங்கும் கேன்டிலீவரில் கூடு கட்டும். ஒரு கம்பி தொங்கி எர்த்தைத் தொட்டால் லைன் டிரிப், கரண்டு நின்றுவிடும். கூட்டை எடுக்கப் போனால் மண்டையில் கொத்தும். ஹெல்மெட் எதற்கு என்று நினைத்தீர்கள்?

பிப்ரவரி 17, மாலை 6.45

பட்டமும் உண்டு. மாஞ்சா தடை செய்தும் கம்பியில் தொங்குகிற நூலுக்குக் குறைவில்லை. வண்ணாரப்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சின்ன வயதில் நானும் விட்டவன்தான்.

பிப்ரவரி 19, இரவு 10.00

மணலி என்று கேட்டதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. டி.சி. ட்ராமில் கரண்டு கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். எல்லாம் ஒழுங்காகத் திரும்பாது. கொஞ்சம் மண்ணுக்குள் கசியும். மண்ணுக்குள் இரும்புக் குழாய் இருந்தால் அதில் ஏறிச் சவாரி செய்யும், சப்ஸ்டேஷன் பக்கத்தில் இறங்கும். இறங்குகிற இடத்தில் இரும்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும். ஓர் ஆம்பியர் ஒரு வருடம் முழுக்க இப்படி இறங்கினால் சுமார் ஒன்பது கிலோ இரும்பு காணாமல் போகும்.

மணலி ரோட்டுக்குக் கீழும் அக்கம்பக்கத்திலும் என்னவெல்லாம் போகிறது? குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் குழாய். எண்ணெய்க் குழாயில் ஒன்பது கிலோ ஓட்டை விழுவதை நினைத்துப் பாருங்கள். அதனால் தண்டவாளத்தை ரப்பரில் பொதிந்து மண்ணிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், சப்ஸ்டேஷன்களை நெருக்கமாக வைக்க வேண்டும், குழாய்க்காரர்களைக் கூப்பிட்டுப் பாதை போடுவதற்கு முன்னாலேயே அளவெடுத்துப் பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் துருப்பிடித்த ஒவ்வொரு குழாய்க்கும் ட்ராம்தான் காரணம் என்பார்கள்.

நடுவில் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை வேறு குறுக்கே போகிறது. 25 கிலோவோல்ட்டும் 750 வோல்ட்டும் ஒரே தளத்தில் குறுக்கிடக் கூடாது. மேம்பாலம்தான்.

பிப்ரவரி 22, காலை 9.15

"குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நீங்கள் என்ன செய்திருக்க முடியும்?" என்று அந்த ஸ்டீல் போல்ட் விஷயத்தில் ஒருவர் எனக்காக வக்காலத்து வாங்கியிருக்கிறார். நன்றி, ஆனால் வேண்டாம். தமிழ்நாட்டின் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் சொல்வது, டெண்டரில் எழுதிய அளவுகோல்களின்படி மதிப்பிட்டுக் குறைந்தது எதுவோ அது. அளவுகோலில் இருபது வருடப் பராமரிப்புச் செலவை எழுதியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். நாங்கள் எழுதவில்லை. பழைய டெண்டரை எடுத்து ஊர்ப்பேரை மாற்றினோம். விலைக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று இரண்டு கவர் வாங்கி, தொழில்நுட்பக் கவரில் "இணங்குகிறோம், இணங்குகிறோம்" என்று வரிசையாக டிக் அடித்தவரையெல்லாம் பாஸ் போட்டோம்.

தாமிர விலை ஒன்று. லண்டன் உலோகச் சந்தையில் ஏறி இறங்கும். நிலையான விலை கேட்டால் புத்திசாலி அந்தப் பயத்தையும் சேர்த்து விலை போடுவார், அவசரக்காரர் போடாமல் ஜெயித்துவிட்டு நடுவழியில் வேலையை நிறுத்துவார். விலை ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சூத்திரம் வைத்துவிட்டால் இரண்டு பேரும் ஒழுங்காக இருப்பார்கள்.

உதிரிப் பாகம் இன்னொன்று. கம்பி தேயும், 12.24-ல் தொடங்கி 8.25 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். கம்பி எங்கும் கிடைக்கும். அதைப் பிடிக்கிற கிளாம்ப் ஒரே ஒரு கம்பெனி அச்சில் வார்த்ததாக இருந்தால், அவர் சொல்வதுதான் விலை.

பிப்ரவரி 24, இரவு 8.30

கன்டெய்னர் லாரி கம்பியில் தட்டாதா என்று கேட்டவர்கள் நான்கு பேர். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கிற வண்டிகளை வைத்தே கணக்குப் போடலாம். டிரெய்லர் தளம் சுமார் ஒன்றரை மீட்டர், உயரமான கன்டெய்னர் ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீட்டர். மொத்தம் 4.4. ரயில்வே கேட்டில் நாங்கள் வைக்கும் உயரத்தடுப்பு 4.67, கம்பி ஐந்தரை மீட்டருக்கு மேலே. ஆகவே லாரி தட்டாது. லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுகிற ஆள்தான் தட்டுவார்.

பிப்ரவரி 25, காலை 6.40

லாரியைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தேன், தேர் ஞாபகம் வந்துவிட்டது. திருவொற்றியூர் கோயிலில் மாசி பிரம்மோற்சவம் வருகிறது. தேர் 4.67 மீட்டரில் அடங்குமா?

மார்ச் 1, மாலை 5.20

தேர் பார்த்துவிட்டு வந்தேன். கூட்டத்தில் மேலே பார்த்துக்கொண்டே நடந்ததில் செருப்பு ஒன்று போனது. ஈபி ஆட்கள் முன்னாலேயே வந்து கரண்டை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். தேர் போன பிறகு ஏணியோடு பின்னாலேயே வந்து திரும்ப மாட்டினார்கள். ஒரு லைன்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். நானும் லைன்காரன்தான் என்றதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வருஷத்துக்கு ஒரு நாள்தான் சார், ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தது அவருக்கும் எனக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஈபி கம்பியைக் கழற்றலாம். ஆயிரம் கிலோ இழுவிசையில் நிற்கிற கம்பியை அப்படிக் கழற்ற முடியாது. ஒரு பக்கம் அவிழ்த்தால் முழு நீளத்தையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும், ஒரு ராத்திரியில் முடியாது. மெட்ரோ டிப்போக்களில் சில இடத்தில் கம்பிக்குப் பதில் கெட்டியான அலுமினிய உத்தரம் மாதிரி போட்டு அதை ஓரமாகத் திருப்பி வைப்பார்கள். தெருவில் அதை யார் காவல் காப்பது?

மார்ச் 2, காலை 5.50

ராத்திரி முழுக்க யோசித்தேன். லைன்மேன் சொன்ன மாதிரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

பிரான்சில் நீஸ் என்று ஒரு நகரம். 2007-ல் அங்கே ட்ராம் வந்தது. அந்த முதல் பாதை முழுக்க மேலே கம்பி. ஆனால் மசேனா, கரிபால்டி என்ற இரண்டு பெரிய சதுக்கத்தில் மட்டும் கம்பி கிடையாது. ட்ராம் பேண்டோவை இறக்கிவிட்டு பேட்டரியில் அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற்றிக்கொள்ளும். மசேனா சதுக்கத்தில்தான் அவர்கள் கார்னிவல், ஆளைவிடப் பல மடங்கு உயரமான பொம்மைகளை வைத்து ஊர்தி விடுவார்கள். அவர்களுக்கும் ஒரு தேர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி எடை கூடும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சித்திரை வெயிலில் அதைக் குளிர வைக்க வேண்டும். மணலி வரை முழுக்க பேட்டரி என்றால் இன்றும் வேண்டாம் என்பேன். ஆனால் தேர் போகிற இடத்தில் நானூறு மீட்டர்? வண்டி வாங்கும் டெண்டரிலும் கம்பி டெண்டரிலும் அந்த நானூறு மீட்டரை ஒரே மாதிரி எழுதினால் போதும். எழுத மாட்டார்கள், ஒன்றில் 400 என்றும் இன்னொன்றில் 380 என்றும் இருக்கும், வண்டி நடுவில் நிற்கும், அதை நாம் தேர் மாதிரி இழுத்துக்கொண்டு போவோம். ஆனாலும் முடியும்.

ஆகவே தம்பி, பிப்ரவரி 8, இரவு 10.20-க்கு எழுதியதை அடித்துவிட்டு, "தேரடியில் மட்டும் முடியும்" என்று படித்துக்கொள். செருப்பு யாருக்காவது கிடைத்தால் சொல்லவும், இடது கால், பழுப்பு.